காதுக்குக் காற்று வரும் வழி

(மைசூரு ஹெப்பாளில், சிறு குழந்தைகள் உள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ராத்திரி ஒன்றரை மணி. மூன்று நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை வீறிட்டு எழுகிறது. தூக்கினால் கொஞ்சம் அடங்குகிறது, படுக்கவைத்தால் மறுபடி அலறுகிறது. கை திரும்பத் திரும்பக் காதுக்குப் போகிறது. பாட்டி எழுந்து வந்து, "ஒரு பல்லு பூண்டைத் தட்டிப் போட்டு நல்லெண்ணெயைக் காய்ச்சு கண்ணு, ரெண்டு சொட்டு விட்டா அடங்கிரும்" என்கிறார். "காதுல ஒண்ணும் ஊத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்க அத்தை" என்று மருமகள் தயங்குகிறாள். போன மாதமும் இதே அழுகை, அதற்கு முந்தின மாதமும் இதே அழுகை. ஆன்டிபயாட்டிக் பாட்டில் ஒன்று முடிந்து அடுத்தது வந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் அந்தப் பாட்டில்களுக்கென்றே ஒரு தட்டு ஒதுங்கிவிட்டது.

ஹெப்பாளின் குடியிருப்புகளில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. கொள்ளேகால், சத்தியமங்கலம், சேலம் பக்கத்திலிருந்து வந்து இங்குள்ள தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் குடும்பங்களிலும் உண்டு; இன்போசிஸ் வளாகத்துக்காகக் குடிவந்த இளம் தம்பதிகளிடமும் உண்டு. பக்கத்து வீட்டு அம்மா மறுநாள் காலையில் "கிவி நோவா?" என்று கன்னடத்தில் கேட்பார். தமிழில் செவி, கன்னடத்தில் கிவி: இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். தமிழில் முதலில் இருந்த ககரம் சகரமாக மாறிவிட்டது, கன்னடம் பழையதை அப்படியே வைத்துக்கொண்டது. வலி இரண்டு மொழிக்கும் ஒன்றே. கைவைத்தியமும் ஏறக்குறைய ஒன்றே.

ஆண்டுக்கு நாலைந்து முறை பிள்ளைக்குக் காது வலி வந்தால், இயற்கையாகச் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தாய் கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. மருத்துவ ஆராய்ச்சியே கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியைத்தான் கேட்டு வருகிறது. விடையும் நம்பிக்கை தருவதாகவே இருக்கிறது. செய்வதற்கு நிறைய உண்டு. ஆனால் அதில் பெரும்பாலானது காதுத் துளையில் நடப்பதில்லை. மூக்கிலும், தொண்டையிலும், பால் கொடுக்கும் மடியிலும், வீட்டுக்குள் சுற்றும் புகையிலும் நடக்கிறது.

ஏன் என்பதற்குக் காதின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து தெரியும் துளை ஒரு முட்டுச்சந்து. அதன் முடிவில் செவிப்பறை என்ற மெல்லிய சவ்வு, மத்தளத்தின் தோல் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் நடுக்காது என்ற சிறிய காற்றறை. மத்தளத்துக்குள் காற்று இல்லாவிட்டால் தோல் அதிராது. அதுபோல நடுக்காதுக்கும் காற்று வேண்டும். செவிப்பறை மூடியிருக்கும்போது அந்தக் காற்று எங்கிருந்து வரும்? மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக வரும். பதினாறாம் நூற்றாண்டில் அதை விரிவாக எழுதிவைத்த இத்தாலிய உடற்கூறியலாளர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கியோவின் பெயரில் அது யூஸ்டேஷியன் குழாய் எனப்படுகிறது. நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு நொடி திறந்து மூடுகிறது. சாமுண்டி மலையில் பஸ் ஏறும்போது காதில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இந்தக் குழாய் திறக்கிற சத்தம்.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளம், 45 டிகிரி சாய்வு. கைக்குழந்தைக்கு நீளம் அதில் பாதி; சாய்வோ 10 டிகிரிதான், கிட்டத்தட்டப் படுத்த வாக்கு. சளி கீழே வடிய வழியில்லை, மூக்கின் கிருமி உள்ளே போகத் தடையுமில்லை. அதனால்தான் ஜலதோஷம் அடிக்கடி காதுவரை போகிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை இந்தத் தொல்லை உச்சத்தில் இருந்து, ஏழெட்டு வயதில் பெரும்பாலான குழந்தைகளை விட்டுப் போய்விடுகிறது. முகம் வளர வளரக் குழாய் நீண்டு சாய்கிறது. வளர்ச்சி என்ற அந்த ஒன்றைவிடப் பெரிய இயற்கை மருந்து இந்த நோய்க்குக் கிடையாது.

உடனடி வலிக்கும் காலமே பெரும்பாலும் மருந்து. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, திடீர்க் காது வலி வந்த குழந்தைகளில் 60 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி போய்விடுகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் இதே கணக்கு, கொடுக்காவிட்டாலும் இதே கணக்கு. இரண்டாம் மூன்றாம் நாளில் அந்த மருந்தால் கூடுதலாக வலி நீங்குவது இருபது குழந்தைகளில் ஒருவருக்கு. வாந்தி, பேதி, தோல் தடிப்பு என்று அதே மருந்தால் அவதிப்படுவது பதினான்கில் ஒருவர். இந்தக் கணக்கை வைத்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது கடந்து, கடும் காய்ச்சலோ கடும் வலியோ இல்லாத குழந்தைக்கு 48 முதல் 72 மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இடம் கொடுத்தது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்கு ஒரு காதில் மட்டும் லேசாக வந்திருந்தாலும் அப்படிப் பொறுக்கலாம். சும்மா இருப்பதற்குப் பெயர் பொறுத்தல் ஆகாது. எடைக்கு ஏற்ற அளவில் பாரசிட்டமால் கொடுத்து வலியைத் தணிக்க வேண்டும், குழந்தையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும், நிலைமை மோசமானாலோ மூன்று நாளில் தேறாவிட்டாலோ டாக்டரிடம் மறுபடி போக வேண்டும். பாட்டி செய்யும் ஒத்தடம், மிதமான சூட்டில், வெளிப்பக்கம் மட்டும் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

பூண்டு எண்ணெய்க்கு வருவோம். அதைப் பற்றிப் பாட்டியைக் குறை சொல்லிவிட்டுப் போவது சரியாகாது, ஏனென்றால் அவர் கண்ணால் கண்டது பொய்யல்ல: எண்ணெய் விட்டார், விடிவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. அந்தத் தூக்கத்துக்கு யார் காரணம் என்பதுதான் கேள்வி. இஸ்ரேலில் இதை நேராகவே சோதித்தார்கள். பூண்டு, துலுக்கச் சாமந்தி போன்ற மூலிகைகளை ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்த சொட்டு மருந்தை, காது வலி வந்த 171 பிள்ளைகளிடம் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தோடு ஒப்பிட்டு, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். மூலிகைச் சொட்டு மற்றதைவிட மோசமில்லை, வலி குறைந்தது. ஆனால் குறைந்த வலியில் 80 சதவீதம் வெறும் நேரம் கடந்ததால் குறைந்தது என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். செவிப்பறை ஓட்டையில்லாமல் இருந்த, ஐந்து வயது தாண்டிய பிள்ளைகளிடம் மட்டுமே சோதித்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது.

செவிப்பறை பற்றிய அந்த நிபந்தனைதான் உயிர்நாடி. செவிப்பறை முழுதாக இருந்தால், ஊற்றிய எண்ணெய் நோய் இருக்கும் நடுக்காதுக்குப் போய்ச் சேராது. சவ்வு கிழிந்திருந்தால் எண்ணெய் போகும், கூடவே அழுக்கும் கிருமியும் போகும். கிழிந்திருக்கிறதா இல்லையா என்பது ராத்திரி ஒன்றரை மணிக்கு அடுக்களை விளக்கில் தெரியாது. எண்ணெயின் சூட்டை விரலில் தொட்டுப் பார்த்துக் கணிப்பதும் அப்படித்தான். பெரியவர் விரல் தாங்கும் சூடு குழந்தையின் காதுத் தோலைப் பொசுக்கிவிடும். எண்ணெய்ப் பசை தங்கிய காதில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிப்பதும் உண்டு. கறுப்புப் புள்ளிகளோடு ஈரப் பஞ்சு போல அது வளர்ந்து, அடங்காத அரிப்பைக் கொடுக்கும்.

பழைய வைத்தியம் இதைவிட நுட்பமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுசுருத சம்ஹிதை காது நோய்களை 28 ஆகப் பிரிக்கிறது. வலிக்கும் காதுக்குக் கர்ணசூலம் என்று ஒரு பெயர், வடியும் காதுக்குக் கர்ணஸ்ராவம் என்று வேறு பெயர், நாற்றத்தோடு வடியும் காதுக்குப் பூதிகர்ணம் என்று இன்னொரு பெயர். மைசூரில் 1908 முதல் அரசு ஆயுர்வேதக் கல்லூரி நடக்கிறது. அங்கே படித்த ஒருவர் காதைப் பார்க்காமல், என்ன வகை என்று தெரியாமல் எதையும் ஊற்றமாட்டார். எல்லாக் காதுக்கும் ஒரே கரண்டி எண்ணெய் என்பது சாஸ்திரத்திலிருந்து வந்ததில்லை. சாஸ்திரம் படித்தவர் கைக்கெட்டாத ஊர்களில், இருப்பதை வைத்துச் சமாளித்ததிலிருந்து வந்தது.

இன்னும் இரண்டு பழக்கங்களை நம் வீடுகள் விட்டாக வேண்டும். குளிப்பாட்டி முடித்ததும் குழந்தையின் மூக்கிலும் காதிலும் வாய் வைத்து ஊதிச் சளி எடுப்பது ஒன்று. ஊதுகிறவர் வாயின் கிருமி நேராக அந்தக் குட்டைக் குழாயின் வாசலுக்குப் போகிறது. மூக்கில் எண்ணெய் விடுவது இன்னொன்று. அது புரையேறி நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியாவே வரும். தாய்ப்பாலைக் காதில் பீய்ச்சுவதும் இந்த வரிசையில்தான் சேரும். தாய்ப்பாலுக்குக் காதைக் காக்கும் சக்தி நிச்சயம் உண்டு. அது போக வேண்டிய வழி வாய்.

அந்தச் சக்தி எவ்வளவு என்று அமெரிக்காவின் டூசான் நகரில் அளந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து 1993-ல் வெளியிட்ட ஆய்வு அது. நான்கு மாதமோ அதற்கு மேலோ தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்கு, தாய்ப்பாலே குடிக்காத குழந்தைகளைப் போலப் பாதி முறைதான் காது நோய் வந்தது. எந்த மருந்துக் கம்பெனியின் சொட்டு மருந்தும் இவ்வளவு சாதித்ததில்லை. பாலில் உள்ள எதிர்ப்பொருள்கள் ஒரு காரணம். மார்பில் உறிஞ்சும்போது வாயும் அண்ணமும் வேலை செய்யும் விதம் இன்னொரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது காதுக்கும் சேர்த்துத்தான். இரண்டு ஷிப்ட் ஓடும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தாய்க்கு இது எவ்வளவு கடினம் என்பது ஹெப்பாளுக்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் அவள் எடுத்துவைத்துப் போகும் பாலைச் சரியாகப் புகட்டினாலே பாதி பாரம் இறங்கும்.

சரியாகப் புகட்டுவது என்றால் தலையை உயர்த்திப் பிடித்துப் புகட்டுவது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துப் புட்டியை வாயில் சொருகிவிட்டால், விழுங்கும் ஒவ்வொரு முறையும் பால் அந்தக் கிடைமட்டக் குழாய்ப் பக்கம் ஏறப் பார்க்கும். தூங்கும்போது வாயில் புட்டி இருப்பது அதைவிட மோசம். ரப்பர் சூப்பானையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். பின்லாந்தில் குழந்தைகள் சோதனை நிலையங்களில் பெற்றோரிடம் பேசி, சூப்பானைத் தூங்கும் நேரத்துக்கு மட்டும் என்று குறைக்கவைத்தார்கள். காது நோய் 29 சதவீதம் குறைந்தது. 2000-ல் வெளிவந்த ஆய்வு. செலவு ஒரு பைசாகூட இல்லை.

புகையைப் பற்றி மைசூரில் பேசுவது கொஞ்சம் சங்கடமான காரியம். ஊதுபத்திக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. பக்கத்து ஹுன்சூரும் பிரியாபட்டணமும் சிகரெட் புகையிலை விளையும் பூமி. வீட்டில் ஒருவர் பீடியோ சிகரெட்டோ குடித்தால் அங்குள்ள குழந்தைக்குக் காது நோய் கூடுதலாக வருகிறது என்பதில் இன்று மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு கிடையாது. புகை மூக்கின் உட்தோலை வீங்கவைக்கிறது, சளியைத் தள்ளிக்கொண்டு போகும் மெல்லிய மயிரிழைகளை மந்தமாக்குகிறது, குழாயின் வாசல் அடைபடுகிறது. வெளியே நின்று குடித்துவிட்டு வந்தால் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது. பூஜை ஊதுபத்தியை ஜன்னல் திறந்த அறையில் ஏற்றினால் போதும். குளித்த குழந்தையின் தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டும் பழக்கத்துக்குப் பதில் ஒரு காய்ந்த துண்டு போதும். தலை உலர்ந்துவிடும், மூச்சுக்குழல் தப்பிக்கும்.

இனி மூக்கு. ஹெப்பாளுக்குப் பக்கத்தில்தான் கோகுலம் இருக்கிறது. அஷ்டாங்க யோகம் கற்க உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கும் இடம். அவர்களில் பலர் காலையில் நேதிப் பாத்திரத்தில் உப்புநீர் எடுத்து மூக்கைக் கழுவுவார்கள். ஹட யோகப் பிரதீபிகை சொல்லும் ஆறு சுத்திக் கிரியைகளில் நேதியும் ஒன்று. குழந்தைக்கு அதையே சிறிய அளவில் செய்யலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை, பால் குடிப்பதற்கும் தூங்குவதற்கும் முன் இரண்டிரண்டு சொட்டு மூக்கில் விட்டு, இளகிய சளியை மெதுவாக எடுத்துவிடலாம். பெரிய பிள்ளை நேதி செய்வதானால் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. அழுத்திப் பீய்ச்சுவதும் கூடாது. இதனால் காது நோய் நின்றுவிடும் என்று உறுதி கொடுக்க முடியாது. மூக்கடைப்பு குறைந்து குழந்தை தூங்கும். அதுவே அந்த வீட்டுக்குப் பெரிய உதவி.

காதுக்குக் காற்றை அனுப்ப உதவும் பலூனின் கதை இதைவிடச் சுவாரசியமானது. 1704-ல் இத்தாலியின் பொலோன்யாவில் அந்தோனியோ வால்சால்வா காது பற்றி ஒரு நூல் எழுதினார். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை வெளியே தள்ளினால் காற்று நடுக்காதுக்குப் போகும் என்பது அவர் பெயரில் இன்றும் வழங்குகிறது. சின்னப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம். ஆனால் ஒரு மூக்குத் துளையை விரலால் மூடி, மற்றத் துளையில் சிறு குமிழை வைத்து, மூக்கால் ஊதிப் பலூனைப் பெரிதாக்கு என்றால் பிள்ளைகள் போட்டி போட்டுச் செய்வார்கள். இங்கிலாந்தில் காதுக்குள் நீர் கோத்து நின்ற, 4 முதல் 11 வயதுவரையான 320 பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். நாளுக்கு மூன்று முறை ஊதிய பிள்ளைகளில் 47 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்தில் காது சரியாகியிருந்தது. ஊதாதவர்களில் 36 சதவீதம். வித்தியாசம் மலையளவு இல்லை, ஆனால் உண்மையானது. இதற்கென்று தயாரித்த பலூன்தான் வேண்டும், பிறந்தநாள் பலூன் அதற்கு விறைப்பு. கடும் ஜலதோஷமும் காது வலியும் இருக்கும் நாளில் ஊதக் கூடாது.

சைலிட்டால் என்ற சர்க்கரையைப் பற்றியும் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். பின்லாந்தின் ஓவுலு நகரில், சாதாரணச் சர்க்கரைச் சூயிங்கம் மென்ற பிள்ளைகளில் 20.8 சதவீதம் பேருக்கும், சைலிட்டால் சூயிங்கம் மென்றவர்களில் 12.1 சதவீதம் பேருக்கும் காது நோய் வந்தது என்று 1996-ல் எழுதினார்கள். நாளுக்கு ஐந்து முறை மெல்ல வேண்டும். மெல்லத் தெரியாத வயதில்தான் நோய் அதிகம். அமெரிக்காவில் அதையே சிரப்பாக்கி நாளுக்கு மூன்று வேளை கொடுத்துப் பார்த்தார்கள், 2014-ல் பலனில்லை என்று முடிவு வந்தது. நல்ல யோசனை, நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. காதில் மெழுகுத் திரி ஏற்றி அழுக்கை இழுப்பதாகச் சொல்லும் வித்தைக்கு இந்த அளவு மரியாதைகூடக் கிடையாது. அது எதையும் இழுப்பதில்லை, காதைச் சுடும்.

தடுப்பூசியை இயற்கை வழி என்று சேர்ப்பதா என்று சிலர் கேட்கலாம். உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைப் பழக்குவது என்ற பொருளில் சேர்க்கலாம். நடுக்காதைத் தாக்கும் கிருமிகளில் முக்கியமான நியூமோகாக்கசுக்கான ஊசி 2017-ல் இந்திய அரசின் இலவசத் திட்டத்தில் சில மாநிலங்களில் நுழைந்து, 2021-ல் நாடு முழுவதும் வந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை. காது நோய் எல்லாவற்றையும் அது தடுத்துவிடாது; பின்லாந்தில் இந்த வகை ஊசியைச் சோதித்தபோது மொத்தக் காது நோயில் 6 சதவீதமும், அந்தக் கிருமியால் வருவதில் 34 சதவீதமும் குறைந்தன. நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் தடுப்பது அதன் பெரிய வேலை. தட்டம்மையும் காதைக் கெடுக்கும் நோய்தான், அந்த ஊசியையும் தவறவிடக் கூடாது.

இதுவரை பேசியது வலிக்கும் காது. வடியும் காது வேறு உலகம். கன்னடத்தில் "கிவி சோருத்தெ" என்பார்கள், காது ஒழுகுகிறது என்று பொருள். செவிப்பறை ஓட்டை விழுந்து, இரண்டு வாரத்துக்கு மேலும் சீழ் வடிந்தால் அது நாட்பட்ட நோய். 2004-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, மக்களில் நான்கு சதவீதத்துக்கும் மேல் இந்த நோய் உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவை வைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சுற்றுவட்டக் கிராமங்களில் 914 குழந்தைகளைப் பார்த்து 1999-ல் எழுதியதில் அது 6 சதவீதமாக இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் அதே மருத்துவமனைக்காரர்கள் சோதித்தபோது, நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில் காது சரியாகக் கேட்காத பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

வடியும் காதுக்கு முதல் வைத்தியம் உலர வைப்பது. சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைத் திரியாகச் சுருட்டிக் காதுக்குள் வைத்து, நனைந்ததும் எடுத்து வேறு திரி வைத்து, உலரும்வரை செய்வது. நாளுக்கு மூன்று முறையாவது செய்ய வேண்டும். குழந்தை நோய்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு இதைத் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறது. தீக்குச்சியும் ஹேர்பின்னும் பட்ஸும் வேண்டாம். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துக் காதை அடைக்க வேண்டும். ஏரி, கிணறு, நீச்சல் குளம் எதுவும் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. உலர வைப்பது மட்டுமே போதும் என்று நம்பினால் பிள்ளை ஏமாந்துபோகும். கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1996-ல் வெளிவந்த சோதனையில், வெறுமனே உலர வைத்தவர்களில் 22 சதவீதம் பேருக்குச் சீழ் நின்றது. எதுவுமே செய்யாதவர்களிலும் அதே 22 சதவீதம். உலர வைத்து, ஆன்டிபயாட்டிக்கும் சொட்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 51 சதவீதம். இயற்கை வழி எந்த இடத்தில் முடிகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கணக்கு வேறு கிடைப்பது அரிது. இரண்டு வாரமாக வடியும் காது, டாக்டர் பார்க்க வேண்டிய காது.

உடனே ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து மடல் முன்னால் தள்ளி நின்றால், கழுத்து விறைத்தால், முகம் ஒரு பக்கம் கோணினால், தலை சுற்றி நடை தள்ளாடினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காது நோய் என்றாலே பொறுத்துப் பார்க்கும் பேச்சுக்கு இடமில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இரண்டு காதிலும் வந்தாலும் அப்படியே.

ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஓராண்டில் நான்கு முறை வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் காது நோய் என்று கணக்கில் எடுப்பார்கள். அந்த நிலையில் செவிப்பறையில் கிராமெட் என்ற சிறு குழாய் வைக்கும் பேச்சு வரும். அதிலும் அவசரம் தேவையில்லை என்று பிட்ஸ்பர்க்கில் 250 குழந்தைகளிடம் நடத்திய சோதனை 2021-ல் சொன்னது. குழாய் வைத்த குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 1.48 முறையும், தேவைப்பட்டபோது மட்டும் மருந்து கொடுத்தவர்களுக்கு 1.56 முறையும் நோய் வந்தது. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து, வாயைத் திறந்தபடி குறட்டை விடும் பிள்ளையின் கதை வேறு. அதை இ.என்.டி. டாக்டர் பார்த்து முடிவு செய்வார்.

எல்லாவற்றையும்விட இந்த உரைக்குக் காரணமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. வலி போய்விட்டது, காய்ச்சல் இல்லை, குழந்தை விளையாடுகிறது. ஆனால் நடுக்காதில் நீர் அப்படியே நிற்கலாம். இரண்டு வாரம் கழித்தும் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு நிற்கிறது, ஒரு மாதத்தில் பத்தில் நாலு பேருக்கு, மூன்று மாதத்தில் பத்தில் ஒருவர் இருவருக்கு. அது வலிக்காது. இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டது போலக் கேட்கும், அவ்வளவுதான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது, டிவி சத்தத்தைக் கூட்டும், 'கல்' என்றால் 'பல்' என்று வாங்கிக்கொள்ளும். "சொன்ன பேச்சைக் கேக்கறதே இல்லை" என்று வீட்டில் திட்டு விழும், வகுப்பில் கவனமில்லாத பிள்ளை என்று பெயர் வரும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழியை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டிய ஹெப்பாள் பிள்ளைக்கு அந்த மாதங்கள் மிக விலையுள்ளவை. பொறுத்திருப்பது நல்லது, கேட்கிறதா என்று சோதிக்காமல் பொறுத்திருப்பது நல்லதில்லை.

அந்தச் சோதனைக்கு இந்தியாவிலேயே சிறந்த இடங்களில் ஒன்று இங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது. மானசகங்கோத்ரியில், நைமிஷம் வளாகத்தில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். ஆட்டோக்காரரிடம் 'வாக் ஷ்ரவண' என்றால் கொண்டுபோய் விடுவார். மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் 1965 ஆகஸ்டில் தொடங்கியது. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் நிலம் கொடுத்தார். 1966-ல் அடிக்கல் நாட்டியவர் அன்றைய குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். இதே ஊர் மகாராஜா கல்லூரியில் இளம் வயதில் தத்துவம் கற்பித்தவர். 2025 செப்டம்பர் 1 அன்று வைர விழாவுக்குக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வந்திருந்தார். நாடெங்கும் இருந்து பெற்றோர் ரயிலேறி இங்கே பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள். ஹெப்பாள்காரருக்கு அது கோகுலம் தாண்டி ஒரு டவுன் பஸ் தூரம்.

அங்கே செய்யும் சோதனைகளில் ஒன்றுக்கு டிம்பனோமெட்ரி என்று பெயர். ஊசி இல்லை, வலி இல்லை. ரப்பர் நுனி ஒன்றைக் காதில் பொருத்தி, காற்றழுத்தத்தை மெல்ல மாற்றுவார்கள். செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்பதைக் கருவி தாளில் கோடாக வரையும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அம்மா மடியில் உட்கார்ந்தபடியே. காற்று இருக்கும் காதில் கோடு ஏறி இறங்கி ஒரு மேடாக நிற்கும், தூரத்திலிருந்து பார்க்கும் சாமுண்டி மலை மாதிரி. நீர் நிற்கும் காதில் கோடு தட்டையாக ஓடும். தட்டையாக இருந்தால், கேட்கும் திறனையும் அளந்துகொண்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொல்வது வழக்கம். அந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியதெல்லாம் மேலே சொன்னவைதான்: நிமிர்த்திப் புகட்டுவது, புகையை வெளியே வைப்பது, மூக்கைச் சுத்தமாக வைப்பது, நாலு வயதுக்கு மேல் என்றால் பலூன், முகத்துக்கு நேரே கிட்டத்தில் வந்து பேசுவது. பிறகு அந்தப் பழைய தாளைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய், புதிய தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், கோட்டில் மேடு எழுந்திருக்கிறதா என்று.